மாற்றுத்திறனாளிக்கான பார்க்கிங் பெர்மிட்டை எந்த ஆபீசில் வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் குடியிருக்கிறீர்கள். சர்க்கரை நோய் முற்றி அப்பாவுக்கு இடது கால் முட்டுக்குக் கீழே எடுக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் அடையாள அட்டையான யூடிஐடி அட்டை வாங்கியாயிற்று, குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று அதில் இருக்கிறது. கார் சாதாரண கார், ஓட்டுவது நீங்கள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது செக்யூரிட்டி, “பெர்மிட் இருந்தா காட்டுங்க” என்று சொல்லி வண்டியைப் பின்பக்கக் காலிமனைக்கு அனுப்பிவிட்டார். துபாயில் இருக்கும் அண்ணன், அங்கே இப்படி ஒரு பெர்மிட் கொடுக்கிறார்கள் என்கிறார். அதை நம் மாவட்டத்தில் எங்கே வாங்குவது, வீல்சேர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா, பார்க்கிங் காசும் டோலும் கட்டாமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்பாவைத் தூரம் நடக்க வைக்காமல் வாசலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறதா, இருந்தால் அதை எதைக் காட்டிக் கேட்பது?

நான் சிவில் இன்ஜினியர். தக்கலையில் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுப்பது தொழில். மாற்றுத்திறனாளிகள் சங்கத்து நண்பர்களோடு போய்க் கட்டடங்களின் சாய்தளம், கழிவறை, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பதும், குறை இருந்தால் மனு எழுதிக் கொடுப்பதும் பல வருஷமாகச் செய்துவருகிறேன். வக்கீல் இல்லை. அதனால் சட்டத்தின் வாசகம் எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே உறுதியாகச் சொல்கிறேன். வாதத்துக்கு இடமிருக்கும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெர்மிட். அப்படி ஒரு காகிதம் நம் நாட்டில் இல்லை. துபாயில் அங்குள்ள சாலைப் போக்குவரத்து ஆணையம் கொடுக்கிறது. பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் ‘ப்ளூ பேட்ஜ்’ கொடுக்கின்றன. அமெரிக்காவில் மாநில மோட்டார் வாகனத் துறைகள் கண்ணாடியில் தொங்கவிடும் அட்டையைக் கொடுக்கின்றன. இந்தியாவில் மத்திய அரசின் மோட்டார் வாகனச் சட்டத்திலோ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலோ பார்க்கிங்குக்கென்று தனி அனுமதிச் சீட்டு ஏற்படுத்தப்படவில்லை. ஆகவே நாகர்கோவில் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. கலெக்டர் ஆபீசிலும் கிடையாது. யாராவது ஒரு ஏஜெண்ட் “வாங்கித் தர்றேன்” என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அண்ணன் அங்கிருந்து ஒன்றை அனுப்பி வைத்தாலும் இங்கே அதற்கு மதிப்பு இல்லை.

அப்படியானால் செக்யூரிட்டி கேட்டது எதை? அவருக்கே அது தெரிந்திருக்காது. யாரோ அவரிடம், பெர்மிட் உள்ள வண்டியை மட்டும் முன்னால் விடு என்று சொல்லியிருப்பார்கள், அவரும் அதையே திருப்பிச் சொல்லியிருப்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இருக்கும் சட்டத்தைத் தெரிந்துகொண்டு அவருக்கு மேலே இருப்பவரிடம் பேச வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘பொதுக் கட்டடம்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அரசுக் கட்டடம் மட்டுமில்லை, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதற்குள் வருகிறது. பள்ளி, கல்லூரி, கடை, வேலை செய்யும் இடம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், பொழுதுபோக்கு இடம், நீதிமன்றம், ரயில் நிலையம், பஸ் நிலையம், விமான நிலையம், நீர்வழிப் போக்குவரத்து இடம் என்று பட்டியல் நீளுகிறது. நம் மாவட்டத்துக்கு வைத்துப் பார்த்தால் வடசேரி பஸ் ஸ்டாண்டும் வரும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் வரும், மார்த்தாண்டத்துத் துணிக்கடையும் வரும், சுசீந்திரம் கோயிலும் கோட்டாறு சவேரியார் கோயிலும் வரும், விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் துறையும் வரும். உங்களைத் திருப்பி அனுப்பிய தனியார் ஆஸ்பத்திரியும் இதற்குள்தான் வருகிறது. “நாங்க பிரைவேட்” என்ற பதில் இந்தச் சட்டத்தின் முன் நிற்காது. இது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி.

அதே சட்டத்தின் 44-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோகும்படி கட்டுவதற்கான அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, பின்பற்றாமல் கட்டி முடித்ததற்கு நிறைவுச் சான்றிதழும் தரக்கூடாது என்கிறது. 45-ஆவது பிரிவு, ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்குப்படி 2022 ஜூனோடு கெடு முடிந்துவிட்டது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் 41-ஆவது பிரிவில் ‘வாகனம் நிறுத்துமிடம்’ என்ற சொல்லே நேரடியாக இருக்கிறது.

அளவு என்ன என்று கேட்பீர்கள். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில், மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்துமிடம் ஒன்று குறைந்தது 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் குறைந்தது இரண்டு இடம் வேண்டும். சாதாரணக் கார் இடம் 2.5 மீட்டர் அகலம்தான். கூடுதலாக ஒரு மீட்டருக்கு மேல் எதற்கு? கதவை முழுக்கத் திறந்து, வீல்சேரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, உட்கார்ந்தபடியே இருக்கையிலிருந்து அதற்கு மாற 1.2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். செயற்கைக் கால் வைத்தவருக்கும் அது தேவை. அவர் காலை நீட்டித்தான் இறங்க முடியும். கதவைப் பாதி திறந்து உடம்பைச் சாய்த்து இறங்குவது அவருக்கு ஆபத்து. உங்கள் அப்பா இறங்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பல இடங்களில் இந்த வெற்றிடத்தைத்தான் முதலில் தின்றுவிடுகிறார்கள். நீலப் பெயிண்டில் வீல்சேர் படம் வரைந்திருக்கும், அகலம் மட்டும் பக்கத்துக் காருக்குள்ள அதே இரண்டரை மீட்டர்தான். அல்லது அகலம் சரியாக இருக்கும், அந்தக் கூடுதல் இடத்தில் இரண்டு பைக் நிற்கும். நான் பார்த்த ஒரு கடை வளாகத்தில் ஜெனரேட்டரையே அதில் வைத்திருந்தார்கள். வரைபடத்தில் அந்த இடம் சரியாகவே இருந்தது. அனுமதி வாங்கும்போது காகிதத்தில் இருப்பது, திறப்பு விழா முடிந்து ஒரு வருஷத்தில் தரையில் காணாமல் போய்விடுகிறது. ஆகவே எந்த இடத்தைப் பற்றிப் புகார் எழுதினாலும், அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஒரு வரி எழுதப்பட்ட மனுவுக்குப் பதில் வரும் வேகமே வேறு.

தரையும் முக்கியம். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஜல்லி கொட்டிய இடத்திலும் செம்மண் சகதியிலும் ஊன்றுகோல் நிற்காது, வீல்சேரின் முன் சக்கரம் புதைந்துபோகும். கெட்டியான, சமமான தரை வேண்டும். அங்கிருந்து வாசல் வரைக்கும் படி இல்லாமல் போக வேண்டும். சாய்தளம் இருந்தால் 1-க்கு 12 என்ற சரிவுக்குள் இருக்க வேண்டும். அதாவது ஒரு அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம். மேட்டிலும் பள்ளத்திலும் கட்டடம் எழும்பும் நம் ஊர்களில், வண்டி நிறுத்துமிடத்தை வாசலுக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிட்டு நடுவில் நான்கு படி வைத்துவிடுவார்கள். 30 மீட்டர் விதி நிறைவேறிவிடும், உங்கள் அப்பா மட்டும் மேலே போக முடியாது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். இந்த அளவுகள் ‘வழிகாட்டி’ என்ற பெயரில் இருந்தவை. கட்டாயமா, பரிந்துரையா என்ற கேள்வி நீண்ட நாள் இருந்தது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2017-இல் வந்த மத்திய விதிகளில் இந்த அளவுகளைச் சொல்லும் 15(1)-ஆவது விதி, சட்டத்தின் நோக்கத்துக்கு மாறாக வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடுகிறது என்று சொல்லி அதைச் செல்லாது என்றது. மீற முடியாத கட்டாயத் தரங்களை மூன்று மாதத்துக்குள் தனியாக வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவும் போட்டது. ஆகவே 3.6 மீட்டர் என்ற எண்ணைக் காட்டி, இதற்காக உடனே தண்டிக்க வேண்டும் என்று கோர்ட்டில் வாதாடினால் எதிர்த்தரப்புக்குப் பேச இடம் உண்டு. ஆனால் சட்டத்தின் 44, 45-ஆவது பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. அணுகும்படி கட்ட வேண்டும் என்ற கடமை போய்விடவில்லை. மாநில அளவில் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைக் கேட்கின்றன. மனுவில் அளவை எழுதலாம், எழுதவும் வேண்டும். கூடவே பிரிவின் எண்ணையும் எழுதுங்கள்.

சரி, கையில் எதைக் காட்டுவது? உங்கள் அப்பாவின் யூடிஐடி அட்டைதான். அது நாடு முழுக்கச் செல்லும். கேரளத்திலும் இதே மத்தியச் சட்டம்தான் என்பதால் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அதையே காட்டலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை அப்பாவுடையது, காருடையது இல்லை. அவர் வண்டியில் வரும்போது, அல்லது அவரை ஏற்றிப் போக நீங்கள் வரும்போது, அந்த இடத்தைக் கேட்பதில் நியாயம் உண்டு. அது உங்கள் காரா, தம்பியின் காரா, வாடகைக் காரா என்பது பொருட்டில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது நீங்கள் மட்டும் போய் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. நீங்கள் அப்படிச் செய்பவர் இல்லை என்று தெரியும். குடும்பத்தில் மற்றவர்களும் காரை எடுப்பார்கள் இல்லையா, அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அசல் அட்டையைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றி வைத்துக்கொண்டால் செல்போனிலேயே காட்டலாம். நான் பலருக்குச் சொல்லும் வழி இது: வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் ‘மாற்றுத்திறனாளி பயணம் செய்யும் வாகனம்’ என்று எழுதி, கீழே உங்கள் போன் நம்பரையும் எழுதி, அப்பா வரும் நாட்களில் மட்டும் கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள். அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் வண்டியை நகர்த்த வேண்டும் என்றால் ஆட்கள் கூப்பிடுவார்கள், டயரில் பூட்டு போட வருபவரும் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்.

வீல்சேர் ஸ்டிக்கரும் இப்படித்தான். ஆன்லைனிலும் கடையிலும் யாருக்கும் கிடைக்கிறது, ஆகவே அது எதையும் நிரூபிக்காது, எந்த உரிமையும் தராது. ஒட்டினால் பின்னால் வருபவர் கொஞ்சம் பொறுமையாக வருவார், அந்த அளவில் நல்லது. பின் கண்ணாடியில் பார்வையை மறைக்காத மூலையில் ஒட்டுங்கள். நம்பர் பிளேட்டில் ஒட்டாதீர்கள், அதற்குத் தனி அபராதம் இருக்கிறது. மாற்றுத்திறனாளியே இல்லாத வண்டியில் இதை ஒட்டிக்கொண்டு இடம் பிடிப்பவர்களை என்ன செய்வது என்று சங்கத்துக் கூட்டங்களில் அடிக்கடி கேட்பார்கள். உரிமைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கான சலுகையை ஏமாற்றி அனுபவித்தால் இரண்டு வருஷம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பார்க்கிங் இடத்துக்கு அதைப் பொருத்த முடியுமா என்பது வாதத்துக்குரியது. என் கருத்தில், போலி அட்டை காட்டியவருக்கு அது பொருந்தும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி நிறுத்தியவரைத் தண்டிக்க அது போதாது.

ரோட்டோரம் நிறுத்துவதில் நம் ஆட்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் ப்ளூ பேட்ஜ் இருந்தால் மஞ்சள் கோடு போட்ட இடத்தில்கூட மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். இங்கே அப்படி எந்தச் சலுகையும் இல்லை. கேப் ரோட்டிலோ மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழேயோ நோ பார்க்கிங் போர்டு இருக்கும் இடத்தில் நிறுத்தினால், அட்டை இருந்தாலும் அபராதம் அபராதம்தான். முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 வரை போகலாம். அப்பாவை இறக்கிவிடும் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பெரும்பாலான டிராபிக் போலீஸ்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அது அவர்களுடைய நல்ல மனசு, சட்டம் தரும் உரிமை இல்லை. எந்த ரோட்டில் எந்த இடம் யாருக்கு என்று தீர்மானிப்பது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவுப்படி, மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவரோ உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்யும் வேலை. ஆகவே ஒரு தெருவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று இடம் ஒதுக்கச் சொல்லி, நாகர்கோவில் என்றால் மாநகராட்சிக்கும் காவல்துறைக்கும் சேர்த்தே மனு கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

இப்போது டோல். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008, மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கென்றே சிறப்பாக வடிவமைத்துக் கட்டிய வாகனத்துக்கு விலக்கு தருகின்றன. அந்த வகை வண்டிக்கு விலக்குள்ள பாஸ்டாகும் உண்டு. உங்கள் கார் சாதாரண கார். அதில் அப்பா பயணம் செய்கிறார் என்பதால் மட்டும் திருப்பதிசாரம் டோலில் விலக்கு கேட்க முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் மாற்றுத்திறனாளிக்கான வாகனம் என்று பதிவாகியிருக்க வேண்டும். அங்கே போய் அட்டையைக் காட்டிச் சண்டை போட்டு மனசு நொந்து திரும்பியவர்கள் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு இந்தக் கேள்வியே எழாது, இருசக்கர வண்டிக்கு டோல் இல்லை.

அப்பாவுக்குத் தானே ஓட்டும் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். எடுத்தது இடது கால் என்பதால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஓட்ட வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் உடல்தகுதி பார்த்து, உங்கள் பகுதிக்கான மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்ஸ் விஷயத்தைக் கேளுங்கள். வண்டியில் மாற்றம் செய்வதாக இருந்தால் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. இன்சூரன்ஸ் விவகாரம் வரும்போது அதுதான் முதலில் இடிக்கும். 2020 அக்டோபரிலிருந்து வாகனப் பதிவுப் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கவே தனி இடம் இருக்கிறது. புதுக் கார் அப்பா பெயரில் வாங்கினால் அதை விட்டுவிடாதீர்கள்.

பார்க்கிங் கட்டணம்தான் மிகவும் குழப்பமான இடம். மாற்றுத்திறனாளிகள் எங்கும் காசு கொடுக்க வேண்டாம் என்று உரிமைச் சட்டத்தில் இல்லை. கட்டணம் வசூலிப்பது பெரும்பாலும் குத்தகைக்காரர். அவரைக் கட்டுப்படுத்துவது, உள்ளாட்சியோ கோயில் நிர்வாகமோ ரயில்வேயோ போட்ட ஏல நிபந்தனை. நிபந்தனையில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம் என்றோ இத்தனை இடம் ஒதுக்க வேண்டும் என்றோ இருந்தால் அவர் அதன்படி நடந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாம் கெஞ்சிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கன்னியாகுமரியில் சபரிமலை சீசன் நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று குத்தகைக்காரரின் ஆளிடம் சட்டம் பேசிப் பயனில்லை, அவர் காதில் ஏறாது. அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ‘இந்த வாகன நிறுத்தத்தின் ஏல நிபந்தனைகளின் நகல் வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கை வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உள்ளாட்சிக் குத்தகைகள் பெரும்பாலும் ஏப்ரலில் புதிதாகத் தொடங்குகின்றன. ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே, அடுத்த ஏலத்தில் இந்த நிபந்தனையைச் சேருங்கள் என்று மனு கொடுத்தால் நடக்க வாய்ப்பு அதிகம். பணம் கட்டி ஏலம் எடுத்த பிறகு யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 30 மீட்டருக்குள் இரண்டு இடம் என்ற அந்த விதி பேசுவது காரைப் பற்றி. நம் மாவட்டத்தில் கார் வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? பெரும்பாலோர் வருவது இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில். தமிழ்நாடு அரசே இலவசமாகக் கொடுக்கும் வண்டி அது. சாதாரண பைக்குக்கு ஒதுக்கும் இடத்தில் அது நுழையாது. இரண்டு பக்கமும் சக்கரம் தள்ளி நிற்கும். பின்னால் பைக்கைச் செருகிவிட்டால் இறங்கித் தள்ளி எடுக்கவும் அவரால் முடியாது. யாராவது வந்து நகர்த்தும்வரை வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். திங்கள்சந்தையிலும் தக்கலையிலும் சந்தை நாளில் இதைப் பார்க்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் கடுமையான கருத்து உண்டு. கார் இடத்தைக் கேட்டு எழுதும் ஒவ்வொரு மனுவிலும், பைக் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஸ்கூட்டருக்கு ஒரு அகலமான இடமும் சேர்த்துக் கேட்க வேண்டும். இருபுறமும் இறங்க இடமும், பின்னுக்கு வராமல் நேராக ஓட்டி வெளியேறும் வழியும் இருந்தால் நல்லது. செலவு ஒரு டின் பெயிண்ட்டும் ஒரு சங்கிலியும்தான்.

திரும்ப உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். போர்ட்டிகோவில் இறக்கிவிடலாமே என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். கூட இன்னொரு ஆள் இருந்தால் அது சரி. நீங்கள் தனியாக ஓட்டிப் போகிறீர்கள். அப்பாவை வாசலில் ஊன்றுகோலோடு நிறுத்திவிட்டு வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டு ஓடிவரும் பத்து நிமிஷத்தில் அவர் விழுந்தால் யார் பொறுப்பு? இறக்கிவிடும் இடமும் நிறுத்தும் இடமும் வேறு வேறு தேவைகள், ஒன்று இருப்பதைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது. இதைத்தான் நிர்வாகத்துக்கு எழுத வேண்டும்.

எழுதுவதை இரண்டு படியாகச் செய்யுங்கள். முதலில் ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம். எந்தத் தேதியில் என்ன நடந்தது, அப்பாவின் நிலை என்ன, உரிமைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு என்ன சொல்கிறது, நீங்கள் கேட்பது என்ன. வாசலுக்கு 30 மீட்டருக்குள் இரண்டு கார் இடம், பலகை, செக்யூரிட்டிக்கு எழுத்தில் உத்தரவு, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பலகை வைத்த பிறகும் மேலிருந்து உத்தரவு இல்லாவிட்டால் டாக்டரின் கார்தான் அங்கே நிற்கும். கடிதத்தில் கோபம் வேண்டாம், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் இதிலேயே சரிசெய்துவிடுகிறார்கள். முறையாகக் கேட்டு எழுத யாருமே வந்ததில்லை என்பதுதான் பல இடங்களில் நிலைமை. அதோடு, அடுத்த முறை போகுமுன் போன் செய்து வருகிற நேரத்தைச் சொல்லி, ஒரு இடம் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். அதன் பிறகும் பதில் இல்லாவிட்டால் சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம், நேரில் போக வேண்டியதில்லை. அவருக்குச் சாட்சிகளை வரவழைத்து விசாரிக்கச் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. அவர் ஒரு அதிகாரிக்குப் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரி தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறியதற்கு 89-ஆவது பிரிவில் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், திரும்ப மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போவதாக இருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள். மத்திய அரசின் சுகம்ய பாரத் செயலியில் போட்டோவோடு புகார் போடும் வசதியும் இருக்கிறது. அதை மனுவுக்குப் பதிலாக நினைக்காமல், கூடவே செய்யுங்கள்.

மனு எழுதுமுன் அந்த இடத்தைப் படம் எடுத்து, வாசலிலிருந்து எத்தனை மீட்டர் என்று ஒரு டேப் வைத்து அளந்துவிடுங்கள். டேப் இல்லாவிட்டால் தரையில் பதித்த இன்டர்லாக் கல்லை எண்ணினாலும் போதும், ஒரு கல்லின் நீளத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் எத்தனை படி, சாய்தளத்தின் நீளமும் உயரமும் எவ்வளவு என்பதையும் எழுதிப் போட்டால், எந்த இடத்தில் இரண்டு கார் இடமும் ஒரு ஸ்கூட்டர் இடமும் வரும் என்று நான் ஒரு சின்ன வரைபடம் போட்டுத் தருகிறேன். அதை மனுவோடு இணைத்துவிடலாம்.